பெரிய எண்ணும் பொருத்தமான எண்ணும்



அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் உட்வர்ட் அவென்யூ என்றொரு நீண்ட சாலை இருக்கிறது. 1960களில் இளைஞர்கள் இரவு நேரத்தில் போட்டி போட்டுக் கார் ஓட்டிய சாலை அது. 1995இல் தொடங்கிய பழைய கார்களின் ஊர்வலம் அங்கே ஆகஸ்ட் மாதத்தில் நடக்கிறது. 1964ஆம் ஆண்டு மாடலாக வந்த போன்டியாக் ஜிடிஓவும், அதன் வழியில் வந்த மஸில் கார்களும் அதில் அணிவகுக்கும். நடுத்தர அளவுள்ள உடலில் பெரிய வி-8 எஞ்சின்: இந்தக் கார்களின் இலக்கணம் அதுதான். எஞ்சினை இன்னும் வலுப்படுத்துவது உரிமையாளர்களின் ஆசை. ஆனால் கிளட்ச் மிதி இல்லாத தானியங்கி கியர் காரில், அந்த வலு சக்கரத்துக்குப் போய்ச் சேருமா என்பதைத் தீர்மானிக்கும் பாகம் ஒன்று உண்டு. அதுதான் டார்க் கன்வெர்ட்டர்.

ஒரு மின்விசிறியை ஓடவிட்டு, அதன் எதிரே ஓடாத இன்னொரு விசிறியை வையுங்கள். காற்று பட்டு அதுவும் சுழலும். கன்வெர்ட்டருக்குள் காற்றின் வேலையை எண்ணெய் செய்கிறது. எஞ்சினோடு சுழலும் இம்பெல்லர் எண்ணெயை வீசுகிறது. கியர்பாக்ஸோடு இணைந்த டர்பைன் அதை வாங்கிச் சுழல்கிறது. நடுவிலுள்ள ஸ்டேட்டர், திரும்பி வரும் எண்ணெயின் திசையை மாற்றி மீண்டும் இம்பெல்லருக்கு உதவியாக அனுப்புகிறது. அதனால்தான் கார் கிளம்பும் கணத்தில் முறுக்குவிசை ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் 1905இல் இதற்குக் காப்புரிமை கோரினார். அவர் மனதில் இருந்தவை கப்பல்கள். 1948இல் பியூக் நிறுவனத்தின் டைனாஃப்ளோ கியர்பாக்ஸ் மூலம் அது அமெரிக்கக் கார்களில் பரவலானது.

இனி ஸ்டால் வேகம். பிரேக்கை அழுத்தி டர்பைனைச் சுழலவிடாமல் நிறுத்தி, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தால் எஞ்சின் எத்தனை சுற்று வரை ஏறுமோ, அதுவே ஸ்டால் வேகம். தொழிற்சாலையில் பொருத்தி வரும் கன்வெர்ட்டர்களில் பெரும்பாலும் அது நிமிடத்துக்கு 1500 முதல் 2000 சுற்றுக்குள் இருக்கும்.

350 கன அங்குல எஞ்சினும் டர்போ 350 தானியங்கி கியர்பாக்ஸும் உள்ள 1970ஆம் ஆண்டு செவ்ரலே ஷெவெல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம் ஷாஃப்டை அதில் போடுகிறார்கள். மேல் சுற்றுகளில் எஞ்சின் சீறும். 2500 சுற்றுக்குக் கீழே சோர்ந்துவிடும். பழைய கன்வெர்ட்டரோ 1700 சுற்றிலேயே எஞ்சினை இழுத்துப் பிடிக்கிறது. சிக்னலில் கியர் போட்டு நின்றால் வண்டி திணறும், சில சமயம் அணைந்தும் போகும். செலவழித்த பணமெல்லாம் அந்தக் கன்வெர்ட்டரில் சிக்கிக் கிடக்கிறது.

அதற்காக ஸ்டால் வேகம் 4000 சுற்று உள்ள கன்வெர்ட்டரை வாங்கிவிடலாமா? கூடாது. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். அந்த ஷெவெலின் பின் அச்சுப் பல்சக்கர விகிதம் 2.73, டயரின் உயரம் 26 அங்குலம் என்றால், மணிக்கு 60 மைல் வேகத்தில் எஞ்சின் சுமார் 2100 சுற்றில்தான் ஓடும். கன்வெர்ட்டரின் ஸ்டால் அதைவிட மிக அதிகமானால் நெடுஞ்சாலை முழுக்க அது வழுக்கிக்கொண்டே போகும். வழுக்கலின் விலை வெப்பம். எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடானால் கெடத் தொடங்கும். ரப்பர் சீல்கள் இறுகும். பிறகு கியர்பாக்ஸே போய்விடும். அதே காரில் பல்சக்கர விகிதத்தை 3.73 ஆக்கினால் 60 மைலில் சுமார் 2900 சுற்று வரும். அப்போது 2600 சுற்று கன்வெர்ட்டர் சாலையிலும் அடங்கி ஓடும், சிக்னலிலும் கைகொடுக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெட்டியில் அச்சிட்ட ஸ்டால் வேக எண் நிலையானதல்ல. அதிக முறுக்குவிசை தரும் எஞ்சினுக்குப் பின்னால் அதே கன்வெர்ட்டர் கூடுதல் சுற்றில் ஸ்டால் ஆகும். வலுக்குறைந்த எஞ்சினில் குறைந்த சுற்றில். காரின் எடையும் கணக்கில் வரும். ஆகவே நண்பரின் காரில் அருமையாக வேலை செய்தது உங்கள் காரில் அப்படியே செய்யும் என்று நம்பி வாங்காதீர்கள். கேம் ஷாஃப்ட், எடை, பல்சக்கர விகிதம், டயர் ஆகியவற்றை முதலில் முடிவு செய்யுங்கள். கன்வெர்ட்டர் கட்டித் தருபவரிடம் அவற்றை உள்ளபடி சொல்லுங்கள். கார் தினமும் வேலைக்குப் போகுமா, பந்தயத் தடத்துக்கு மட்டுமா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நல்ல பட்டறை கன்வெர்ட்டரை விற்பதற்கு முன் இந்தக் கேள்விகளையெல்லாம் கேட்கும்.

வாங்கும்போது, இம்பெல்லர் தகடுகள் உலையில் பற்றவைத்து இறுக்கப்பட்டவையா என்று பாருங்கள். எண்ணெய்க்குத் தனிக் குளிர்விப்பானும் பொருத்துங்கள். மாட்டும்போது உள்ளே கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, கன்வெர்ட்டர் கியர்பாக்ஸின் பம்ப்பில் முழுவதும் உட்கார்ந்ததை உறுதி செய்யுங்கள். அரைகுறையாக உட்கார்ந்த நிலையில் போல்ட்டை முடுக்கினால் பம்ப் உடையும்.

வலுவைச் சேர்ப்பது சுலபம். சேர்த்த வலுவோடு மற்ற பாகங்களை ஒத்துப்போக வைப்பதுதான் கைத்தேர்ச்சி. உங்கள் காருக்கும் நீங்கள் ஓட்டும் சாலைக்கும் ஏற்ற கன்வெர்ட்டர்தான் சிறந்த கன்வெர்ட்டர். அதன் எண் சிறியதாக இருந்தாலும் தயங்காமல் வாங்குங்கள்.