நரம்பும் குருதிக்குழாயும்



மருத்துவமனையில் ஊசி போட வந்த செவிலியர், நோயாளியின் முழங்கை மடிப்பைத் தட்டித் தட்டிப் பார்த்து, “நரம்பு அகப்படவில்லை” என்கிறார். அவர் தேடுவது நரம்பன்று, குருதிக்குழாய். புறங்கையில் புடைத்துத் தோன்றுவதைப் பச்சை நரம்பு என்பர் மக்கள். அதுவும் நரம்பன்று, குருதிக்குழாயே. ஒரு சொல் இருபொருளில் மயங்கி நிற்கும் இடம் இது.

குருதிக்குழாய் உள்ளே துளையுடையது. அதன் முதன்மை வகைகள் இரண்டு. நெஞ்சாங்குலையினின்று குருதியை வெளிக்கொண்டு செல்வது ஒன்று; தடித்த சுவருடையது; துடிப்பது. அக்குருதியை மீட்டுக் கொணர்வது மற்றொன்று, மெல்லிய சுவருடையது. கைகால்களில் உள்ள இவ்வகைக் குழாய்களில், குருதி பின்னோக்கி வழியாதவாறு தடுக்கிதழ்கள் அமைந்துள்ளன. புறங்கையில் தோன்றுவது இதுவே. பள்ளி நூல்கள் இவ்விரண்டையும் முறையே தமனி, சிரை என வடசொற்களால் வழங்கும். குருதி உடலைச் சுற்றியோடுவதை ஆங்கில மருத்துவர் வில்லியம் ஆர்வி 1628இல் தம் நூலால் நிறுவினார்.

நரம்போ அத்தகைய குழாயன்று. நுண்ணிழைகள் பல சேர்ந்த கற்றை அது. மூளையினின்றும் தண்டுவடத்தினின்றும் கிளைத்து உடலெங்கும் பரவுவது. அதன் வழியே செல்வது குருதியன்று. மின்துடிப்பாய் விரையும் செய்தி. விரல் சுட்டதை உணர்த்துவதும், தசையை ஏவி இயக்குவதும் அதன் தொழில்.

பின் மயக்கம் எவ்வாறு நேர்ந்தது? நரம்பு மிகப் பழந்தமிழ்ச் சொல். தொல்காப்பியமே இசை பற்றிய இடத்தில் அதனை ஆள்கிறது. யாழிற் கட்டியதும் நரம்பு. இலையில் ஓடுவதும் நரம்பு. நீண்டு மெலிந்து இழைபோல் தோன்றியன எல்லாம் அப்பெயர் பெற்றன.

இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. கிரேக்கத்தில் ‘நியூரான்’ என்னும் சொல் முதலில் தசைநாணையும் வில்லின் நாணையும் குறித்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் உடலை அறுத்தாய்ந்த ஏரோபிலசு, உணர்வு நரம்பு வேறு, இயக்க நரம்பு வேறு எனக் காட்டினார். ஆய்வு வளர வளர, சொல்லும் தன் எல்லையை அறிந்தது.

இம்மயக்கத்தால் வரும் கேடு சிறிதன்று. நீரிழிவு இரண்டையும் தாக்கும். பாதம் மரத்து, முள் குத்தினும் தெரியாதிருந்தால், கெட்டது நரம்பு. சிறிது தொலைவு நடந்ததும் கெண்டைக்கால் வலித்து, நின்றதும் வலி நீங்கினால், குருதிக்குழாய் அடைபட்டிருக்கக் கூடும். இரண்டிற்கும் ஆய்வும் வேறு, மருத்துவமும் வேறு. இரண்டையும் ‘நரம்புக் கோளாறு’ என ஒரே பெயரிட்டு, நரம்புக்கு வலிமை தரும் மருந்தையே விழுங்கி நாள் கடத்துவோர், அடைப்பு முற்றிக் காலையே இழக்க நேரலாம். காலில் சுருண்டு புடைப்பதை ‘நரம்புச் சுருட்டல்’ என்பதும் பிழையே. அது தடுக்கிதழ் தளர்ந்த குருதிக்குழாய். நரம்புக்கு அதில் பங்கில்லை.

சொல் தெளிந்தால் நோயாளி தன் நோயைத் தெளிவாய்ச் சொல்வான்; மருத்துவரும் சொல்வதை அவன் தெளிவாய் உணர்வான். இதற்குப் புதுச்சொல் ஆக்கவும் வேண்டா. இருக்கும் தமிழ்ச்சொற்களை உரிய பொருளில் ஆண்டாலே போதும். குருதி ஓடுவது குழாய்; உணர்வு ஓடுவது நரம்பு. ஆசிரியர் வகுப்பறையிலும், செவிலியர் நோயாளியின் படுக்கையருகிலும், தாயர் இல்லத்திலும் இவ்வேறுபாட்டைப் பிழையின்றி வழங்குவாராக!