முள் எங்கே நிற்கிறது?

(மாதக் கூட்டத்துக்குப் பின் நம் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)

அமெரிக்காவில் பழைய கார் ஒன்றை நானே பிரித்து மாட்டியதைப் பற்றிப் பேசச் சொன்னார் செயலாளர். அதில் நான் செய்த தவறைத்தான் சொல்லப் போகிறேன்.

மிச்சிகனில் வேலை பார்த்தபோது 1970களில் வந்த செவ்ரோலே ஒன்று வாங்கினேன். 350 கன அங்குல வி-8 எஞ்சின், அதாவது 5.7 லிட்டர். தினமும் ஆபீஸுக்கும் போகணும், மிதித்தால் பாயவும் வேணும். சிலிண்டர் ஹெட்டை மாற்றினால் நடக்கும் என்றார்கள்.

ஹெட் என்பது சிலிண்டர்களுக்கு மேலே உட்காரும் கனமான மூடி. காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வழி, புகை போகும் வழி, வால்வு, ஸ்பார்க் பிளக் எல்லாம் அதில்தான். வழி பெரிதாக இருந்தால் காற்று நிறைய வரும் என்று நினைத்து, இன்டேக் போர்ட் 220 சிசி உள்ள ஹெட்டை வாங்கினேன். அது ரேஸுக்கானது. 5,000 ஆர்.பி.எம். தாண்டினால் சீறியது. சிக்னலில் பச்சை விழுந்தால் மட்டும் திணறியது. மூன்று மாதச் சேமிப்பு போனதுதான் மிச்சம்.

காரணம் நமக்குத் தெரிந்ததுதான். ஏ பிளாக்குக்கும் பி பிளாக்குக்கும் நடுவே உள்ள சந்தில் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. எதிரே மைதானத்தில் அதே காற்று மெதுவாக வீசுகிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது பெரிய போர்ட்டில் காற்றின் வேகம் குறைந்துவிடும். சிலிண்டர் சரியாக நிறையாது, பெட்ரோலும் நன்றாகக் கலக்காது.

இரண்டாவது முறை, 1996 முதல் அங்கே பிக்கப் வண்டிகளில் வந்த வோர்டெக் ஹெட்டைப் பழையதாக வாங்கினேன். போர்ட் சுமார் 170 சிசிதான். எரியும் அறை பழைய ஹெட்டில் 76 சிசி, இதில் 64 சிசி. என் பிஸ்டனோடு கணக்குப் போட்டால் கம்ப்ரஷன் ஏறக்குறைய 8.5-லிருந்து 9.5 ஆனது. சிக்னலில் வண்டி கிளம்பிய விதமே வேறு.

இதிலும் செலவு ஒளிந்திருக்கிறது. பழைய இன்டேக் மேனிஃபோல்டின் போல்ட்டுகள் இதற்குப் பொருந்தாது, புதிது வாங்கணும். வால்வை அதிகம் தூக்கும் கேம் போட்டால் ஸ்பிரிங்கையும் மாற்றணும். பழைய இரும்பு ஹெட் என்றால் விரிசல் இருக்கிறதா என்று பட்டறையில் சோதித்த பிறகே பணம் கொடுக்கணும். அலுமினியம் எடை குறைவு, சூட்டைச் சீக்கிரம் கடத்தும், கம்ப்ரஷனைக் கொஞ்சம் கூட்டலாம், விலைதான் அதிகம். ஹெட், கேம், பிஸ்டன் மூன்றையும் சேர்த்தே முடிவு செய்யணும்.

"எந்த ஹெட் நல்லது அங்கிள்?" என்று சி பிளாக் தம்பி இப்போதுதான் கேட்டான். ஒரு வாரம் வண்டி ஓட்டும்போது ஆர்.பி.எம். முள் பெரும்பாலும் எங்கே நிற்கிறது என்று குறித்து வை, தம்பி. அந்த இடத்தில் நன்றாக மூச்சு விடும் ஹெட்தான் உனக்கு நல்லது. கடைக்கு அப்புறம் போகலாம்.