கலி நீங்கும் இடம்

(அம்மையார்குப்பத்தில் நடைபெற்ற இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இவ்வூரிலிருந்து சிறிது நேரப் பயணத்தில் அடையக்கூடியது தணிகை மலை. சூரபதுமனோடு பொருத முருகப்பெருமான் சினம் தணிந்து அமர்ந்த இடமாதலின் அம்மலை அப்பெயர் பெற்றது என்பது மரபு. இதில் ஆழ்ந்ததோர் உண்மை உண்டு. போர் நடந்த இடம் வேறு. சினம் தணிந்த இடம் வேறு. வென்ற கடவுளுக்கே தணிவதற்குத் தனியே ஓரிடம் வேண்டியிருந்தது. அடிபட்டு, அஞ்சி, வாயடைத்து நிற்கும் பதின்வயதுப் பிள்ளைக்கு எத்தகைய இடம் வேண்டும்? இவ்வுரையின் பொருள் அதுவே.

விபத்திலோ வன்முறையிலோ சிக்கி மீண்ட பிள்ளைக்கு அந்நிகழ்ச்சி அன்றோடு முடிந்துவிடுவதில்லை. கதவு அறைந்து சாத்தப்பட்டால் திடுக்கிடும், இரவில் உறங்காது, பாடத்தில் மனம் ஊன்றாது, அன்போடு தோளைத் தொட்டவரிடமும் சீறும். வீட்டார் இதனைத் திமிர் என்பர். பள்ளியில் ஒழுங்கின்மை என்பர். 1980ஆம் ஆண்டில்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இந்நிலையைத் தனியொரு நோயாகத் தன் பட்டியலில் சேர்த்தது. போர்க்கால யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் தம் நூலுக்கு 'மனவடு' என்றே பெயரிட்டார். புண் ஆறியபின்னும் உடலில் நிற்பது வடு. பெயர் பொருத்தமானதே.

நம் காவியங்களுக்கு இது புதிதன்று. நாடிழந்து, நள்ளிரவில் தமயந்தியைக் கானகத்தில் விட்டு நீங்கி, கார்க்கோடகன் தீண்ட உருவும் திரிந்த நளன், வாகுகன் என்னும் பெயரோடு அயோத்தி அரசனிடம் தேர்த்தொழில் ஏற்றான். தன் துயரை அவன் எவருக்கும் உரைக்கவில்லை; குதிரைகளோடு வாழ்ந்தான். இருதுபன்னனை ஏற்றிக்கொண்டு விதர்ப்ப நாட்டுக்குத் தேர் செலுத்திய அந்தப் பயணத்தின் நடுவேதான் கலி அவனைவிட்டு அகன்றது. அரசனிடம் கற்ற எண்ணும் கலையே அதற்குக் காரணம் என்று காவியம் கூறும். எனினும், நளன் தன்னை மீட்டுக்கொண்ட வழியில் உடன் வந்தவை குதிரைகளே என்பது எண்ணத்தக்கது. புகழேந்திப் புலவர் அப்பகுதிக்கு இட்ட பெயர் 'கலி நீங்கு காண்டம்'.

குதிரைக்கு அப்படி என்ன சிறப்பு? நானூறு, ஐந்நூறு கிலோ எடை கொண்டதாயினும், பிற விலங்குக்கு இரையாகும் குலத்தில் பிறந்தது அது. கண்கள் தலையின் இருபுறமும் அமைந்து ஏறத்தாழச் சுற்றெங்கும் காண்பன. செவிகள் தனித்தனியே திரும்புவன. ஆபத்தென்று தோன்றினால் முதலில் ஓடும், பிறகே ஆராயும். வடுவுற்ற பிள்ளையின் உடலும் அவ்வாறே வாழ்கிறது. இருவரும் அச்சத்தால் உறவினர்.

குதிரை மனித உடலைக் கூர்ந்து படிக்கும். பெர்லின் நகரில் 'கெட்டிக்கார ஹான்ஸ்' என்றொரு குதிரை, கணக்குகளுக்குக் குளம்பால் தட்டி விடை கூறிப் புகழ்பெற்றது. ஆஸ்கார் பூங்ஸ்ட் என்னும் உளவியலாளர் 1907இல் வெளியிட்ட ஆய்வு அதன் மறையை அவிழ்த்தது. ஹான்ஸுக்குக் கணக்குத் தெரியாது; கேட்பவரின் தலை, தம்மை அறியாமலே சிறிது அசைவதைக் கண்டு அது தட்டுவதை நிறுத்தியது. 2016இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 28 குதிரைகளுக்கு மனித முகப் படங்களைக் காட்டினர். சினமுற்ற முகத்தைக் கண்டபோது அவற்றின் நெஞ்சத்துடிப்பு விரைந்து உயர்ந்தது.

இதுவே இச்சிகிச்சையின் அடிப்படை. தொடக்கத்தில் பிள்ளை குதிரைமேல் ஏறுவதில்லை. அருகில் செல்ல முயல்கிறது. சினத்தோடு சென்றால் குதிரை விலகும். அங்கே பழிப்பும் இல்லை, அறிவுரையும் இல்லை. குதிரை விலகியது, அவ்வளவே. மூச்சைத் தாழ்த்தி, தோள்களைத் தளர்த்தி, பக்கவாட்டில் மெல்லச் சென்றால் நிற்கும். பின்னர் உடலைத் தேய்த்துவிடுதல், குளம்பைத் துப்புரவு செய்தல், தலைக்கயிறு பற்றி நடத்தல் என நாள்கள் செல்லும். பயிற்சி பெற்ற உளநல ஆலோசகரும் குதிரையை நன்கறிந்த ஒருவரும் உடனிருப்பர். "உனக்கு என்ன நேர்ந்தது?" என்று ஆலோசகர் கேட்பதில்லை. "குதிரைக்கு இப்போது எப்படி இருக்கிறது?" என்று கேட்பார். "அதற்குப் பயமாக இருக்கிறது" என்று பிள்ளை கூறுமாயின், தன் அச்சத்துக்கு அது கண்டெடுத்த முதற்சொல் அதுவாகவும் இருக்கலாம்.

இவ்வழி உலகில் பரவியதற்கு ஒரு பெண்மணியின் உறுதியும் காரணம். டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டல் 1944இல் இளம்பிள்ளைவாதத்தால் தாக்குண்டு முழங்காலுக்குக் கீழ் செயலிழந்தார். பிறர் தூக்கி ஏற்றிவிட, குதிரையேற்றத்தைத் தொடர்ந்தார். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெள்ளிப்பதக்கம் வென்றார். உடலுக்கு உதவிய விலங்கு உள்ளத்துக்கும் உதவும் என்ற எண்ணம் பின்னர் வலுத்தது. நியூயார்க் மாநிலத்தில் 1947இல் ஒரு பண்ணையில் தொடங்கப்பெற்ற கிரீன் சிம்னீஸ் பள்ளி, மனத்துயருற்ற பிள்ளைகளைக் குதிரை, ஆடு, காயமுற்ற பறவை ஆகியவற்றைப் பேணச் செய்து தேற்றுகிறது.

குதிரை ஒன்றே மருந்தென்று கூறுதல் தவறு. இத்துறை ஆய்வுகள் பெரும்பாலும் சிறு குழுக்களை வைத்து நடந்தவை. முறையான உளச்சிகிச்சைக்குத் துணையாகவே இதனைக் கொள்ளவேண்டும். குதிரை இல்லாத ஊரிலும் தணிவதற்கான இடத்தை அமைக்க இயலும். மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், போரால் நைந்த தமிழ்க் குழந்தைகளும் முஸ்லிம் குழந்தைகளும் மரநிழலில் ஒன்றாக விளையாடினர், களிமண் பிசைந்தனர், கதை புனைந்தனர்.

சொல்லைத் தொழிலாகக் கொண்ட இந்த அவைக்கு இதில் ஒரு பாடம் உண்டு. துயருற்ற பிள்ளையைக் கண்டவுடன் அதன் கதையைக் கேட்கவும், கேட்டதைப் பாடவும் கவிஞர் நெஞ்சம் விரையும். சட்டம்கூட இவ்விரைவைத் தடுக்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி, குழந்தையிடம் வாக்குமூலம் பெறும் காவலர் சீருடையில் இருத்தல் ஆகாது. சாட்சி சொல்லக் குழந்தையை மீண்டும் மீண்டும் நீதிமன்றத்துக்கு அழைத்தலும் ஆகாது. இவ்வூர் நெசவாளர் அறிந்த செய்தி ஒன்று: பாவில் இழை அறுந்தால் தறியை நிறுத்தவேண்டும். ஓட்டிக்கொண்டே முடிய இயலாது.

நிறுத்துவதும், காத்திருப்பதும், அருகில் நிற்பதும் கவிதைக்கு முந்திய கடமைகள். சொல் வரும்போது அது பிள்ளையின் சொல்லாக வரட்டும். அதுவரை அதற்குத் தேவை ஒரு தணிகை. அந்த இடத்தை ஒரு வீடோ, பள்ளியோ, இத்தகைய இலக்கிய வட்டமோ அமைத்துக் கொடுக்குமானால், கலி நீங்கும் காண்டம் அங்கே தொடங்கும்.