ரேகை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பம்பு செட்டைப் பற்றிப் பேசு என்றால் ஒரு மணி நேரம் பேசுவேன். செயலாளரோ, "உன் சொந்தக் கதையைச் சொல்லுப்பா" என்று மாட்டிவிட்டார்.

நான் கூடலூர்க்காரன். நீலகிரிக் கூடலூர் இல்லை. கம்பம் தாண்டி, குமுளி மலைக்குக் கீழே இருக்கிற கூடலூர். ஆபீசில் தினமும் மெஷினில் விரல் வைத்துத்தான் உள்ளே போகிறேன். வைக்கிறபோதெல்லாம் எங்க அப்பத்தா ஞாபகம் வரும். அவங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப, பொழுது சாய்ஞ்சதும் அவங்க அய்யா கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாராம். போலீஸ் ஸ்டேஷன் திண்ணையில் படுக்கை. விடிந்துதான் வருவார். "எங்கய்யாவுக்கு அங்க ராத்திரி வேலைன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்பார்.

வேலை இல்லை, சட்டம். 1911-ஆம் வருடத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம். எங்கள் பக்கம் ரேகைச் சட்டம் என்றால்தான் தெரியும். எதையும் திருடியிருக்க வேண்டியதில்லை, பிரமலைக் கள்ளராகப் பிறந்திருந்தால் போதும், ரேகையைப் பதிந்துவிடுவார்கள். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் அன்று உயிரிழந்தார்கள். அவர்கள் பக்கம் நின்று வழக்காடிய மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் கேரளத்துக்காரர். எங்கள் ஆட்களுக்கு அவர் 'ரோசாப்பூ துரை'. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல்தான் ஒழிந்தது.

சர்க்கார் காகிதத்தில் என் பூட்டன் வெறும் மைக்கறை. கம்பளியும் திண்ணையும் அப்பத்தா வாயில் மட்டும்தான் இருந்தன.

முதலாண்டு ஹாஸ்டலில் ஒரு சீனியர் என் ஊரையும் சாதியையும் கேட்டுவிட்டு, "சோப்பெல்லாம் பூட்டி வைங்கடா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வெட்கமாக இருக்கிறது, நானும் சிரித்தேன். இரண்டாம் ஆண்டில் அதே ஜோக் மறுபடி வந்தது. இந்த முறை மெஸ்ஸில் தட்டை வைத்துவிட்டு அப்பத்தா கதையை முழுசாகச் சொன்னேன். சண்டை போடவில்லை. அப்புறம் அந்த ஜோக் எங்கள் பிளாக்கில் கேட்கவில்லை.

ஆனால் அன்று ராத்திரி என் ரூம்மேட், அவனும் எங்கள் பள்ளத்தாக்குக்காரன்தான், விளக்கணைத்த பிறகு சொன்னான்: "மாப்ளே, கதை நல்லாத்தான் இருந்துச்சு. எங்க தாத்தா உங்க தெருவுல செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுத்தான் நடப்பாரு. அதையும் அப்பத்தாகிட்டக் கேளு."

எனக்குத் தூக்கம் வரவில்லை. முதலில் கோபம்தான் வந்தது, மறைக்க மாட்டேன். மறுநாள் அவனே ஒரு புத்தகம் கொடுத்தான்: பாமாவின் 'கருக்கு', 1992-இல் வந்தது. ஒரு பெண் தன் தெருவின் வாழ்க்கையைத் தன் பேச்சிலேயே எழுதியிருந்தார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கேட்டேன். அப்பத்தா வெற்றிலையை மடித்துக்கொண்டே ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "ஆமாய்யா, நடந்தாரு. திண்ணையில உக்காந்து பாத்துருக்கேன். எங்கய்யாவும்தான் பாத்தாரு" என்றார்.

இதை நான் இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை. பாதிக் கதையோடு நிறுத்திக்கொள்வதே சௌகரியமாக இருந்தது.

அந்த ரூம்மேட் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். நிகழ்ச்சி நிரலில் அவன் பெயர் இல்லை. தலைவர் அவர்கள் மன்னிக்க வேண்டும், எனக்கு மிச்சமிருக்கிற ஐந்து நிமிடத்தை அவனுக்குக் கொடுக்கிறேன். வாடா, மேலே வா.