பழைய ரிஃபார்மரா, புதுசா? போடியில ஒரு பிலாட்டீஸ் கணக்கு

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன், போடிநாயக்கனூர். 2023 ஜூன்ல இருந்து சென்னையிலேருந்து நேரா போடிக்கே ரயில் இருக்கு. ராத்திரி ஏறினா காலையில இறங்கிடலாம்.

வீட்டுக்குள்ள பையை வைக்கிறதுக்குள்ள சித்தி பொண்ணு போனை நீட்டினா. "அக்கா, இத வாங்கலாமா? ஞாயித்துக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் கேக்குறாங்க." பெங்களூருல மூடிட்ட ஒரு ஸ்டுடியோவோட ரிஃபார்மர், ரெண்டு. போட்டோல புதுசு மாதிரியே மின்னுது. இவ பிலாட்டீஸ் டிரெயினிங் முடிச்சு, போடியில ஒரு ஹால் வாடகைக்குப் பார்த்து வச்சிருக்கா. கையில இருக்கிறது நாலு வருஷச் சம்பளத்துல சேர்த்த காசு. ஒரு தடவை தப்பா வாங்கினா அடுத்த தடவைக்கு மிச்சம் இருக்காது.

ரிஃபார்மர் பார்த்திராதவங்களுக்கு: கட்டில் மாதிரி ஒரு நீள ஃபிரேம். அது மேல சக்கரத்துல ஓடுற ஒரு பலகை. அந்தப் பலகையை ஒரு பக்கமா இழுத்துப் பிடிக்கிற நாலஞ்சு ஸ்பிரிங். எதிர்ப்பக்கம் கயிறும் கப்பியும். ஜோசப் பிலாட்டீஸ், 1883ல ஜெர்மனியில பிறந்தவர். முதல் உலகப் போர்ல பிரிட்டிஷ்காரங்க அவரை ஐல் ஆஃப் மேன் தீவுல அடைச்சு வச்சிருந்தாங்க. அங்க கட்டில்ல ஸ்பிரிங்கை மாட்டி நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்னு ஒரு கதை சொல்லுவாங்க. அது உண்மைன்னா, முதல் மெஷினே பழைய கட்டில்தான்! அதனால பழசுன்னதும் முகம் சுளிக்க வேண்டாம்.

நாங்க பேசுறதைக் கேட்டுட்டிருந்த சித்தப்பா ஜீப் ஓட்டுறவர். விடியக்காலையில ஏலத்தோட்ட வேலைக்கு ஆளுங்களை ஏத்திக்கிட்டு, போடிமெட்டு ரோட்டுல 17 கொண்டை ஊசி வளைவு ஏறுவார். அவர் வச்சிருந்த ஜீப் எல்லாமே பழசு வாங்கினதுதான். ஒரே வார்த்தை சொன்னார்: "சேசிஸப் பாரு. மத்ததெல்லாம் மாத்திக்கலாம்."

அவ்வளவுதாங்க விஷயம். ரிஃபார்மர்ல சேசிஸ்னா ஃபிரேமும், சக்கரம் ஓடுற தண்டவாளமும். ஸ்பிரிங்கை எல்லாம் கழட்டிட்டு பலகையைக் கையால தள்ளிப் பாருங்க. சத்தமில்லாம, நடுவுல எங்கயும் தட்டாம ஓடணும். தட்டுச்சுன்னா சக்கரம் தேஞ்சிருக்கலாம், அது பரவாயில்ல. தண்டவாளம் குழி விழுந்திருந்தாலோ ஃபிரேம் கோணியிருந்தாலோ எந்த விலைக்கும் வேண்டாம். மூலைக்கு மூலை குறுக்கால டேப் வச்சு அளங்க, ரெண்டு அளவும் ஒண்ணா இருக்கணும்.

ஸ்பிரிங் கதை வேற. சும்மா இருக்கும்போது சுருளுக்குச் சுருள் இடைவெளி தெரிஞ்சாலோ, எங்கயாவது மடங்கியிருந்தாலோ, துரு இருந்தாலோ அதோட ஆயுசு முடிஞ்சது. பார்க்க நல்லா இருந்தாலும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தச் சொல்லி பெரிய தயாரிப்பாளர்களே சொல்றாங்க. ஒருத்தங்க அந்தப் பலகை மேல நின்னுட்டிருக்கும்போது ஸ்பிரிங் அறுந்தா என்ன ஆகும்னு யோசிங்க. அதனால பழைய மெஷின் வாங்கினா ஸ்பிரிங், கயிறு, கொக்கி மூணும் புதுசு. இதுல பேரமே கிடையாது. லேத்துல சொல்லி ஸ்பிரிங் சுத்திக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு இழுவை, அந்த நிறக்கணக்கே கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

ஒரு பேச்சுக்குக் கணக்கு போடுவோம். புதுசு 2 லட்சம், பழசு 90,000. ஸ்பிரிங், கயிறு, சக்கரம் மாத்த 25,000, லாரி வாடகை 10,000. ஆக 1,25,000. மெஷினுக்கு 75,000 மிச்சம். ஆனா அந்தக் கம்பெனி ஸ்பேர் இன்னும் கிடைக்கணும். கிடைக்காதுன்னா மிச்சம் பூஜ்யம். இதே காரணத்துக்காகத்தான், பேர் தெரியாத மலிவான புது மெஷினை விட நல்ல கம்பெனியோட பழசு மேல்னு நான் சொல்வேன். பெங்களூருல ரிப்பேருக்கு ஆள் மறுநாளே வந்துடுவார். போடிக்கு யார் வருவா?

இன்னொண்ணும் கேட்டேன், அவளுக்குக் கொஞ்சம் கோபம்தான். "மெஷின் இப்பவே வேணுமா?" 1945ல பிலாட்டீஸ் எழுதின புத்தகத்துல இருக்கிற 34 பயிற்சியும் தரையில ஒரு விரிப்புல செய்யறதுதான். ஏலச்செடியில காய் வர்ற சரம் அடித்தூர்ல, தரையை ஒட்டி இருக்கும். நாள் முழுக்கக் குனிஞ்சு காய் எடுக்கிற அக்காமாருங்க மாசக் கட்டணம் கட்டி ரிஃபார்மர்ல ஏற மாட்டாங்க. அவங்களுக்கு விரிப்பு போதும், ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் போதும். கட்டணம் கட்டப்போறது கடைவீதி, பேங்க், ஸ்கூல்னு இருக்கிறவங்க. அவங்க எத்தனை பேர் வருவாங்கன்னு மூணு மாசம் விரிப்புலயே நடத்திப் பார்த்தா தெரிஞ்சிடும்.

ரெண்டு வேண்டாம், பார்த்துட்டு ஒண்ணு மட்டும்னு இறங்கி வந்திருக்கா. ஸ்பிரிங் கடைசியா எப்ப மாத்தினீங்கன்னு அந்தப் பெங்களூரு ஆளுக்கு மெசேஜ் போட்டோம். ரெண்டு நீல டிக் விழுந்திருக்கு. பதில் வரல. அட்வான்ஸும் போகல.