பெயரறிந்து வரவேற்றல்: விருந்து மண்டபங்களுக்கான வாடிக்கையாளர் மேலாண்மை மென்பொருள்



மென்பொருள் தேர்வைப் பற்றிப் பேசுவதற்கு மொழி மன்றத்தின் மேடை எதற்கு என்று சிலர் வியக்கலாம். நிகழ்ச்சி ஒன்றைக் கூறி அதற்கு விடையளிக்க விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பத் திருமணத்திற்காக இந்நகரின் விருந்து மண்டபம் ஒன்றை முன்பதிவு செய்தோம். மணமகனின் பெயரை அடையாள அட்டையில் உள்ளவாறே, தந்தையின் பெயரோடு சேர்த்து எழுதிக் கொடுத்தோம். ஒரு வாரத்தில் வாழ்த்து மடல் வந்தது. அது மணமகனுக்கு எழுதப்பட்டதுதான். ஆயினும் தந்தையின் பெயரை விளித்து, அவருடைய திருமணத்திற்கு வாழ்த்துக் கூறியது. அத்தந்தை மறைந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. மடலை முதலில் பிரித்தவர் மணமகனின் தாயார். மண்டபத்தார் எவரும் மனம் நோகச் செய்ய எண்ணியவர் அல்லர். பெயரின் இறுதிச் சொல்லே குடும்பப் பெயர் என்று கொள்ளும்படி அவர்களுடைய மென்பொருள் அமைக்கப்பட்டிருந்தது.

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்றும், புதிதாய் வந்தவர் என்றும் பொருளுண்டு. புதிதாய் வந்தவரை முதலில் பெயர் கேட்டறிகிறோம். அப்பெயரைத் தவறாக நினைவில் வைத்திருக்கும் கருவி, விலை மலிவாயினும் விருந்தோம்பலுக்கு உதவாது. இன்று நாம் வலியுறுத்த விரும்பும் கருத்து இதுவே.

முதலில் இத்தொழிலின் இயல்பை நோக்குவோம். ஒரு திருமண விருந்து என்பது விசாரிப்பில் தொடங்கி, மண்டபத்தைப் பார்வையிடல், தற்காலிக ஒதுக்கீடு, ஒப்பந்தம், முன்பணம், உணவுப் பட்டியல், இறுதி விருந்தினர் எண்ணிக்கை, மீதித் தொகை எனப் பல படிகளைக் கடந்து நிறைவுறுகிறது. விற்பனைப் பிரிவு கேட்டறிந்ததைச் சமையற்கூடமும் வரவேற்பு மேசையும் கணக்குப் பிரிவும் அறிந்திருத்தல் வேண்டும். சைவ உணவு எத்தனை பேருக்கு, ஹலால் உணவு எத்தனை பேருக்கு என்ற குறிப்பு ஒருவருடைய கைப்பேசியில் தங்கிவிட்டால், விருந்து நாளன்று அதன் விளைவை அனைவரும் காண்பர்.

பொதுவான விற்பனைக் குழுக்களுக்கென உருவான மென்பொருள்கள் இவ்வியல்பை முழுவதும் தாங்குவதில்லை. தடுப்புச் சுவரால் இரண்டாகப் பிரிக்கத்தக்க மண்டபத்தில் ஒரு பாதி ஒதுக்கப்பட்டவுடன், முழு மண்டபமும் அந்நேரத்திற்குக் கிடைக்காது என்பதை மென்பொருள் தானே உணர்தல் வேண்டும். முகூர்த்த நாள் ஒன்றையே மூன்று குடும்பங்கள் நாடும்போது, தற்காலிக ஒதுக்கீடு எப்போது காலாவதியாகிறது, அடுத்த வரிசையில் நிற்பவர் யார் என்பதை அது காட்ட வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் தமிழர் திருமணங்கள் குறைவு என்பதை அறிந்த மேலாளர், அம்மாதங்களில் நிறுவன விருந்துகளை நாடுவதற்கும் பழைய பதிவுகளே வழிகாட்ட வேண்டும்.

அடுத்து, வாடிக்கையாளர் யார் என்னும் வினா எழுகிறது. நம் திருமணங்களில் பேசுபவர் ஒருவர், முடிவெடுப்பவர் மற்றொருவர், பணம் செலுத்துபவர் வேறொருவர். தாய்மாமன் கேட்டதற்குத் தந்தையிடம் விடை கூறினால் மனக்கசப்பு உண்டாகும். ஆகவே ஒரே நிகழ்ச்சிக்குள் பலரையும், அவர்களுக்கிடையேயான உறவையும் பதியும் வசதி இன்றியமையாதது. திருமணத்திற்கு வந்த குடும்பமே வளைகாப்புக்கும், குழந்தையின் பெயர்சூட்டு விழாவுக்கும், பெற்றோரின் மணிவிழாவுக்கும் வரும். குடும்பத்தின் வரலாற்றை ஒரே இடத்தில் காட்டாத பதிவேடு ஒவ்வொரு முறையும் அவர்களைப் புதியவர்களாகவே நடத்தும்.

இனி, விற்பனையாளரின் செயல்விளக்கத்தின்போது நாம் செய்ய வேண்டிய சோதனைகளைக் கூறுகிறோம். அவர்களுடைய மாதிரிப் பதிவுகளைக் கண்டு நிறைவடைய வேண்டாம். நம்மவர் பெயர்களின் அமைப்பிலேயே பத்துப் புனைபெயர்களை எடுத்துச் செல்வோம்.

முதலாவது, குடும்பப் பெயருக்கான கட்டத்தை வெறுமையாக விட்டால் மென்பொருள் ஏற்கிறதா என்று பார்க்க வேண்டும். மடலில் விளிக்க வேண்டிய பெயருக்கெனத் தனிக் கட்டம் இருப்பது மிக நன்று.

இரண்டாவது, தேடிப் பார்க்க வேண்டும். சுப்பிரமணியம் என்னும் ஒரே பெயரை உரோமன் எழுத்தில் ஒருவர் ‘எம்’ என்று முடிப்பார், மற்றொருவர் ‘என்’ என்று முடிப்பார். எழுத்துக்கு எழுத்துப் பொருந்தினால்தான் காட்டும் தேடல், ஒருவரையே இருவராக்கிவிடும்.

மூன்றாவது, தமிழில் உள்ளிட்டு அச்சிட்டுப் பார்க்க வேண்டும். திரையில் செம்மையாகத் தோன்றும் ‘கொ’ என்னும் எழுத்து, விலைச்சீட்டிலும் வரவேற்புப் பலகையிலும் கொம்பும் காலும் இடம்மாறிச் சிதைவதுண்டு.

நான்காவது, பதிவுகள் அனைத்தையும் ஏற்றுமதி செய்து வேறொரு மென்பொருளில் திறக்க வேண்டும். ஒருங்குறி பேணப்படாவிடில் தமிழ்ப் பெயர்கள் பொருளற்ற குறிகளாக மாறிவிடும். மாதச் சந்தாவை நிறுத்தும் நாளில் நம் பதிவேட்டை நாமே எடுத்துச் செல்ல இயலுமா என்பதும் இச்சோதனையில் தெளிவாகும்.

சட்டத்தையும் மறத்தல் ஆகாது. சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. அதன் வழிகாட்டுதலின்படி, 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கோரினாலோ அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்வது தேவையானாலோ அன்றி, அடையாள அட்டை எண்ணை நிறுவனங்கள் திரட்டுவது கூடாது. மண்டப முன்பதிவுப் படிவத்தில் அவ்வெண்ணைக் கட்டாயமாக்கும் மென்பொருளைத் திருத்தச் சொல்ல வேண்டும், அல்லது தவிர்க்க வேண்டும். மலேசிய நண்பர்கள் தங்கள் நாட்டின் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தை நோக்குக. யார் எப்பதிவைப் பார்த்தார், மாற்றினார் என்ற குறிப்பையும் மென்பொருள் பேண வேண்டும்.

இத்தனை சோதனைகளையும் ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பின் குறைகளைக் களைய ஆண்டுகள் ஆகலாம்.

1997இல் நா. கோவிந்தசாமி முன்னின்று தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டிய நகரம் இது. தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் நாடு இது. இங்கே தமிழ்ப் பெயரைத் தமிழில் பதிய இயலாது என்று ஒரு விற்பனையாளர் கூறினால், அடுத்தவரை அழைக்கும் உரிமை நமக்குண்டு. வாங்குவோர் கேட்காத வசதியை விற்போர் செய்து தரமாட்டார்.

அம்மடலைப் படித்த தாயார் அதை மடித்து வைத்துவிட்டு, விருந்தினர் பட்டியலைத் தொடர்ந்து எழுதினார். மண்டபத்தாரிடம் அவர் எதுவும் கூறவில்லை. இப்படிக் கூறாமல் விட்டவர் எத்தனை பேரோ! அவர்கள் சார்பில் கேட்க வேண்டியதை, ஒப்பந்தத்திற்கு முன்பே நாம் கேட்டுவிடுவோம்.