காலத்தே பயிலாத கண்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



விழா மேடையில் வழக்கமாய்ப் பேசப்படும் இலக்கியத்தை விடுத்து, குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பற்றிச் சில சொல்ல முன்வந்துள்ளோம். நாம் மருத்துவர் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வேயில் முன்பதிவுப் பிரிவில் பணிபுரியும் குமாஸ்தாவே. எம் இல்லத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியே இப்பொருளைத் தேடிப் படிக்கச் செய்தது.

எங்கள் மகளுக்கு இரண்டு வயதிலேயே இடக்கண் சற்று உட்புறம் சாய்ந்திருந்தது. ‘மாறுகண் அதிர்ஷ்டம், வளர வளரச் சரியாகிவிடும்’ என்றனர் சுற்றத்தார். நாங்களும் அதனை நம்பி வாளாவிருந்தோம். ஆறாம் வயதில் பள்ளியில் கண் பரிசோதனை நடந்தது. வலக்கண்ணை மூடியதும், அட்டையின் முதல் பெரிய எழுத்துக்கு மேல் அவளால் ஒன்றும் படிக்க இயலவில்லை. “கண்ணில் நோயில்லை, அக்கண்ணைக் கொண்டு பார்க்க மூளை கற்கவில்லை” என்றார் மருத்துவர்.

கண் நன்றாயிருக்கப் பார்வை குன்றுவது எங்ஙனம்? அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் என்னும் இரு விஞ்ஞானிகள் 1963-இல் இதற்கு விடை காட்டினர். பிறந்த பூனைக்குட்டியின் ஒரு கண் இமையைத் தைத்து மூடிவைத்து, சில மாதங்கள் கழித்துத் திறந்தனர். கண் பழுதின்றி இருந்தது. ஆனால் குட்டி அக்கண்ணால் பார்க்கவில்லை. மூளையின் மேலுறையாகிய புறணியில், பார்வைக்குரிய பகுதியின் நரம்பணுக்கள் ஏறக்குறைய யாவும் திறந்திருந்த கண்ணுக்கே செவிசாய்த்தன. வளர்ந்த பூனையின் கண்ணை அவ்வாறு மூடியபோதோ, இத்தகைய தீங்கு நேரவில்லை. இவ்வாராய்ச்சிகளுக்காக இருவரும் 1981-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

எம் தொழிலைக்கொண்டே இதனை விளக்கலாம். இடம் பதிவு செய்த பயணி வராவிடில், பரிசோதகர் அவ்விடத்தைக் காத்திருப்போருக்கு வழங்கிவிடுவார். பின்னர் அப்பயணி ஓடிவந்து பயனில்லை. புறணியிலும் ஒரு கண்ணுக்குரிய இடத்தை மற்றக் கண்ணின் நரம்புகள் கைப்பற்றுகின்றன. இரு கண்களையும் மூடியபோது நரம்பணுக்களின் இழப்பு அவ்வளவு முழுமையாக இல்லை என்பதும் பின்னர்த் தெரிந்தது. எனவே இஃது ஓடாத இருப்புப்பாதை துருப்பிடிப்பது போன்றது மட்டும் அன்று; இடத்துக்கான போட்டியே ஆகும்.

இனி நம்பிக்கை தரும் செய்தி ஒன்று. அமெரிக்காவில் பேராசிரியராயுள்ள பவன் சின்ஹா, இந்தியாவில் பிறவிக் கண்புரையால் பார்வையின்றி வளர்ந்த சிறுவர்களுக்குச் சிகிச்சை கிட்டச் செய்து, அவர்கள் பார்க்கக் கற்பதை ஆராயும் ‘பிரகாஷ்’ திட்டத்தைத் தொடங்கினார். 8 முதல் 17 வயதுக்குட்பட்ட ஐவரைப் பற்றிய முடிவுகள் 2011-இல் வெளியாயின. கட்டவிழ்த்ததும், கையால் தொட்டறிந்த பொருள் எதுவெனக் கண்ணால் கண்டு சொல்ல அவர்களால் இயலவில்லை. ஆயின் பின்னர்ச் சோதித்தபோது, சில நாட்களிலேயே அத்திறன் வளர்ந்திருந்தது. காலங்கடந்தாலும் கதவு முற்றிலும் அடைபடுவதில்லை; எனினும் இத்தகையோர்க்குப் பார்வையின் கூர்மை பெரும்பாலும் முழுமையாய்த் திரும்புவதில்லை.

எங்கள் மகளின் நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் ஒட்டுத்துணியால் மூடி, சோம்பிய கண்ணைப் பயிலவைத்தோம். அவள் அழுவாள், அவள் தாயும் உடன் அழுவாள். இரண்டாண்டில் ஆறு வரிகள் படித்தாள். கடைசி வரிகள் இன்றும் எட்டவில்லை. அவ்வரிகள் நாங்கள் வீணே கழித்த நான்காண்டுகளின் கணக்கு.

தாய்மார்களே! சிசுவின் கருவிழி நடுவில் வெண்மை தோன்றினால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். பிறவிக் கண்புரைக்கு முதல் இரண்டு மாதங்களுக்குள் அறுவை செய்தல் நலம். நான்கு மாதத்துக்குப் பின்னும் கண் சாய்ந்திருப்பின் சோதியுங்கள். பள்ளியில் சேர்க்குமுன் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே சோதிக்கச் சொல்லுங்கள். மாறுகண் அதிர்ஷ்டம் என்பாரிடம் எங்கள் கதையைச் சொல்லுங்கள்.